வெறும் வயிற்றுக்கு எந்தத் தண்ணீர்?

சேலம், நாமக்கல் சமவெளியில் பெரும்பாலான வீடுகளில் இன்று மூன்று வகைத் தண்ணீர் புழங்குகிறது. மேட்டூரிலிருந்தோ அதற்குக் கீழே ஆற்றோரத்திலிருந்தோ குழாயில் வரும் காவிரித் தண்ணீர் ஒன்று. வீட்டுக்குப் பின்னாலோ தோட்டத்திலோ போட்ட போர் தண்ணீர் இன்னொன்று. இருபது லிட்டர் கேனில் வரும் ஆர்.ஓ. தண்ணீர் மூன்றாவது. குடிக்க எது, சமைக்க எது, துவைக்க எது என்பதை அந்தந்த வீட்டுப் பழக்கமும் நாக்கும் முடிவு செய்கின்றன. ஏகாதசிக்கோ கிருத்திகைக்கோ ஐப்பசி மாதச் சட்டி விரதத்துக்கோ சோற்றை விட்டுத் தண்ணீரை மட்டும் வைத்துக்கொள்ளும் நாளிலும் அதே பழக்கம்தான் தொடர்கிறது. அந்த நாளில் இந்த முடிவைச் சற்று யோசித்து எடுக்க வேண்டும் என்பது என் வாதம். மற்ற நாட்களில் தண்ணீரின் குறைகளைச் சாப்பாடு சரிக்கட்டிவிடுகிறது. வேண்டாதது தண்ணீரில் இருந்தால் அதில் ஒரு பகுதியைக் குடலிலேயே பிடித்து வைக்கிறது. வேண்டியது இல்லாவிட்டால் தன் பங்கிலிருந்து தருகிறது. அளவுக்கு மீறிக் குடித்துவிட்டால் அதை வெளியேற்றவும் உதவுகிறது. விரத நாளில் இந்தத் துணை இல்லை. தண்ணீர் எப்படியோ அப்படியே உடம்புக்குள் போகிறது.

முதலில், வேண்டாதவற்றைப் பார்ப்போம். இந்தச் சமவெளியின் அடியில் இருப்பது மணலும் வண்டலும் படிந்த ஆற்றுப்படுகை அல்ல; மிகப் பழைய கடினப் பாறை. சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல் வெட்டும் குன்றுகளில் மேக்னசைட், சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல், மற்ற இடங்களில் நைஸ், சார்னோக்கைட் பாறைகள். இவற்றில் கறுப்பாக மின்னும் பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்களும் அபடைட்டும் ஃபுளோரைடைத் தமக்குள் வைத்திருக்கின்றன. பாறை இடுக்கில் ஆண்டுக்கணக்கில் தேங்கி நிற்கும் நீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது. நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருந்தால் அது ஃபுளோரைடோடு சேர்ந்து படிந்துவிடும். கரைந்து நிற்பது குறையும். ஆனால் வறண்ட வெயில் பூமியில் அந்தச் சுண்ணாம்பு சுக்கான் கல்லாக மண்ணிலேயே உறைந்துவிடுகிறது. மிஞ்சுவது சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த நீர். ஃபுளோரைடைப் பிடித்து நிறுத்த அதில் போதிய கால்சியம் இல்லை. இதனால் நடைமுறையில் ஒரு வம்பு வருகிறது. பருப்பு வேகாத, சோப்பு நுரைக்காத கடுந்தண்ணீரை நாக்கு உடனே ஒதுக்கிவிடும். சற்று மென்மையாக, குடிக்க இதமாக இருக்கும் போர் தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கலாம். நாக்குக்கு அது தெரியாது.

டி.டி.எஸ். மீட்டருக்கும் தெரியாது. கேன் கடைக்காரரும் ஆர்.ஓ. இயந்திரம் மாட்ட வருகிறவரும் தம்ளரில் முக்கிக் காட்டும் அந்தச் சிறு கருவி தண்ணீரின் மின்கடத்தும் தன்மையை அளந்து, கரைந்திருக்கும் உப்புகள் மொத்தம் எவ்வளவு என்று ஒரு தோராயக் கணக்கைத் தருகிறது. திரை 600 என்று காட்டும்போது அதற்குள் ஃபுளோரைடு அரை மில்லிகிராமா இரண்டரை மில்லிகிராமா என்று அது சொல்லாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடை ஏற்கத்தக்க அளவு என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கிறது. பல்லில் பழுப்புக் கறையும், ஆண்டுகள் கழித்து முதுகும் மூட்டும் இறுகிப்போவதும் இந்த எல்லை தாண்டிய நீரால் வருபவை. இந்தியாவில் இந்த நோயை முதலில் ஆவணப்படுத்தியவர்களில் ஒருவர், சென்னை கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த எச்.இ. ஷார்ட். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் கண்டதை 1937இல் அவர் வெளியிட்டார். நமக்கு வடக்கே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கலிலிருந்து காவிரி நீர் கொண்டுபோகும் பெருந்திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்புத் தடுப்பும் சேர்ந்திருக்கிறது. ஜப்பானியக் கடனுதவியுடன் கட்டப்பட்ட அது 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதே பாறைதான் தெற்கே சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் அடியிலும் நீள்கிறது.

இதில் விரதம் எங்கே வருகிறது? ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1979இல் ஓர் எளிய சோதனை நடத்தினார்கள். சோடியம் ஃபுளோரைடு மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தபோது ஏறத்தாழ முழுவதும் இரத்தத்தில் சேர்ந்தது. பாலோடு கொடுத்தபோது எழுபது சதவீதம் சேர்ந்தது. கால்சியம் மிகுந்த காலை உணவோடு கொடுத்தபோது அறுபது சதவீதம்தான் சேர்ந்தது. மோரும் கீரையும் ராகியும் அன்றாடம் நமக்குத் தெரியாமல் செய்துவரும் வேலை இது. ஒரு நாள் விரதத்தால் யாருக்கும் எலும்பு நோய் வராது. அது ஆண்டுக்கணக்கில் சேர்வது. ஆனால் ஏகாதசி மட்டுமே ஆண்டுக்கு இருபத்து நான்கு வருகிறது. அதோடு வாரம் ஒரு சனிக்கிழமையும் சேர்த்து இருப்பவர்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். சோதித்துப் பார்க்காத போர் தண்ணீரை வெறும் வயிற்றில் குடிக்கும் நாட்களை வரிசைப்படுத்தினால் ஆண்டில் இரண்டரை மாதம் வருகிறது.

"எங்கள் பாட்டன் பூட்டன் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துத்தான் விரதம் இருந்தார்கள்" என்பார்கள். உண்மை. ஆனால் அது இன்றைய போர் தண்ணீர் அல்ல. அவர்கள் இறைத்தது திறந்தவெளிக் கிணறு. மழைக்கு ஊறி, கோடைக்கு வற்றி, ஆண்டுதோறும் புதுநீர் ஏறும் மேல்மட்ட நீர். இன்றைக்கு ஆழ்துளை பல இடங்களில் ஆயிரம் அடியைத் தொடுகிறது. ஆழம் கூடக் கூட நீர் பாறையோடு ஊறிய காலமும் கூடுகிறது, கரைந்ததும் கூடுகிறது. சரி, பழைய கிணற்றுக்கே திரும்பிவிடலாமா என்றால் அதற்கும் தடை இருக்கிறது. கழிவுநீர்த் தொட்டி, யூரியா, கோழிப்பண்ணை எரு எல்லாம் மேல்மட்ட நீரில் நைட்ரேட்டைச் சேர்க்கின்றன. நைட்ரேட்டுக்கு ஐ.எஸ். 10500 வைத்த எல்லை 45 மில்லிகிராம். அதில் தளர்வே கிடையாது. குச்சிக்கிழங்கு அரைக்கும் ஜவ்வரிசி ஆலைகளின் கழிவு நின்ற ஓடைகளுக்கு அருகில் கிணறுகள் கெட்டுப்போனதை இந்த இரண்டு மாவட்டத்தாரும் அறிவார்கள். மகாராஷ்டிரத்திலும் வட இந்தியாவிலும் விரதத்துக்கென்றே சமைக்கப்படும் சாபுதானாவின், அதாவது ஜவ்வரிசியின், பெரும்பகுதி சேலத்திலிருந்துதான் போகிறது. 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு அந்த வணிகத்தின் மையம். தேசத்தின் விரதத்துக்கு உணவு தரும் ஊரில், விரதம் இருக்கிறவர் குடிக்கும் கிணறு கெடக் கூடாது. ஆலைக் கழிவைச் சுத்திகரித்தே விட வேண்டும் என்பதில் சமரசத்துக்கு இடமில்லை.

அப்படியானால் ஆர்.ஓ. தண்ணீர். இதற்கு எதிராகச் சொல்லப்படுவது, "அது செத்த தண்ணீர், உடம்பில் இருக்கும் சத்தையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும்" என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. சவ்வு வழியாக அழுத்தித் தள்ளப்பட்ட நீரில் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் பெருமளவு நீங்குகின்றன. கூடவே கால்சியமும் மெக்னீசியமும் போய்விடுகின்றன. வாழ்நாள் முழுவதும் இப்படிப்பட்ட நீரையே குடிப்பது நல்லதல்ல என்று செக் நாட்டு ஆய்வாளர் கோசிசெக், உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட தொகுப்பில் விரிவாக எழுதினார். டி.டி.எஸ். 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. இயந்திரத்தைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் உத்தரவிட்டதற்கு, அந்த முறையில் வீணாகும் தண்ணீரும் ஒரு காரணம். ஆனால் ஓரிரு நாள் விரதத்தில் அந்த நீர் உடம்பின் சத்தை உறிஞ்சிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. எதிர்ப்பக்கத்தில் வலுவான ஓர் ஆதாரம் உண்டு. 1912இல் அமெரிக்காவின் பாஸ்டனில் கார்னகி நிறுவனத்தின் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில், பிரான்சிஸ் பெனடிக்ட் மேற்பார்வையில், மால்ட்டாவைச் சேர்ந்த லெவன்சின் என்பவர் 31 நாள் உண்ணாமல் இருந்தார். அவர் குடித்தது காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும், நாளுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாக. ஆர்.ஓ. தண்ணீரைவிடவும் வெறுமையான நீர் அது. வெளியிலிருந்து உப்பு எதுவும் உள்ளே போகாததால், சிறுநீரில் வந்ததெல்லாம் உடம்பின் கையிருப்பு என்று துல்லியமாகக் கணக்கெடுக்க முடிந்தது. அவர் உயிரோடு, நடமாட்டத்தோடு அதை முடித்தார். மருத்துவர்கள் சூழ நடந்த ஆய்வு அது. யாரும் வீட்டில் செய்துபார்க்கக் கூடாது. ஆனாலும் ஒரு பகல் கேன் தண்ணீர் குடித்தால் எலும்பு கரைந்துவிடும் என்ற பயத்துக்கு அந்த 31 நாள் போதுமான பதில்.

உடம்பு உப்பை இழப்பது உண்மைதான். தண்ணீர் அதற்குக் காரணமல்ல, விரதமே காரணம். சாப்பிடும்போது சுரக்கும் இன்சுலின், சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதோடு, சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்கவும் தூண்டுகிறது. சாப்பாடு நின்றதும் இன்சுலின் இறங்குகிறது. சிறுநீரகத்தின் பிடி தளர்கிறது. சோடியமும் அதோடு நீரும் வெளியேறுகின்றன. கல்லீரலிலும் தசையிலும் சேமித்த கிளைகோஜன் கரையும்போது அது பிடித்து வைத்திருந்த நீரும் விடுபடுகிறது. ஒரு கிராமுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் நீர். முதல் சில நாட்களில் தராசு காட்டும் எடைக் குறைவில் பெரும்பங்கு கொழுப்பல்ல, இந்த நீரும் உப்புமே. இந்த இழப்பு முதல் வாரத்தில்தான் மிகுதி. பிறகு சிறுநீரகம் சுதாரித்துக்கொண்டு உப்பை இறுக்கிப் பிடிக்கிறது. சட்டி விரதத்தின் ஆறு நாளும் இந்த இழப்புக் காலத்துக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. நாளுக்கு ஒன்று கூட்டி மிளகை மட்டும் விழுங்கித் தண்ணீர் குடிக்கும் மிளகு விரதக்காரர்களுக்கு நான்காம் நாள் எழுந்ததும் வரும் தலைச்சுற்றலுக்கும் காலில் பிடிக்கும் சுளுக்குக்கும் பசி மட்டும் காரணமாக இருக்க முடியாது.

இந்த இழப்பை உப்பு மிகுந்த தண்ணீர் ஈடுகட்டுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 100 மில்லிகிராம் சோடியம் உள்ள போர் தண்ணீரை நாளெல்லாம் இரண்டு லிட்டர் குடித்தாலும் கிடைப்பது 200 மில்லிகிராம். அரை கிராம் சமையல் உப்பில் அவ்வளவும் இருக்கிறது. விரல் நுனியில் எடுக்கும் ஒரு சிட்டிகை. அதற்காக ஃபுளோரைடையும் நைட்ரேட்டையும் சேர்த்து விழுங்குவது வீண். கால்சியமும் அப்படியே: லிட்டருக்கு 75 மில்லிகிராம் உள்ள நீர் இரண்டு லிட்டரில் 150 தரும், ஒருவருக்கு நாளுக்கு வேண்டியது 1000. மெக்னீசியம் மட்டும் விதிவிலக்கு. வெள்ளைக்கல் பாறை சூழ்ந்த இடங்களில் நீரில் அது கணிசமாக இருக்கலாம். ஆனால் சல்பேட்டோடு சேர்ந்து மிகுந்தால் அதுவே பேதி மருந்து. உப்பையும் நீரையும் ஏற்கெனவே இழந்துகொண்டிருக்கும் வெறும் வயிற்றுக்கு வேண்டவே வேண்டாதது.

எந்தத் தண்ணீர் என்பதைவிட எவ்வளவு என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சோறு, குழம்பு, ரசம், மோர் வழியாக வரும் நீர் விரத நாளில் நின்றுவிடுவதால் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் குடிப்பது சரி. ஆனால் "உடம்பைக் கழுவி விடுகிறோம்" என்று ஐந்தாறு லிட்டர் குடிப்பது ஆபத்து. சிறுநீரகத்தால் வெறும் நீரைத் தனியாக வெளியேற்ற முடியாது. ஒவ்வொரு லிட்டரோடும் யூரியா, உப்பு போன்ற கரைபொருள் குறைந்தது ஓரளவாவது போயாக வேண்டும். அந்தக் குறைந்தபட்ச அளவு ஏறத்தாழ 50 மில்லிஆஸ்மோல். நன்றாகச் சாப்பிடும் நாளில் அறுநூறு, எழுநூறு என்று கரைபொருள் சேர்வதால் கூடுதலாகக் குடித்தாலும் வெளியேறிவிடுகிறது. உண்ணாத நாட்களில் அந்தக் கையிருப்பு சுருங்குகிறது. அதோடு வெளியேற்றும் எல்லையும் சுருங்குகிறது. மிஞ்சிய நீர் இரத்தத்தின் சோடியத்தை நீர்க்கச் செய்யும். அது லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்க இறங்கத் தலைவலி, வாந்தி, குழப்பம் வரலாம். இன்னும் இறங்கினால் வலிப்பு. இதைப் பசி மயக்கம் என்று நினைத்து மேலும் தண்ணீர் கொடுப்பவர்கள் நிலைமையை மோசமாக்குகிறார்கள். தாகத்துக்குக் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். நிறமே இல்லாமல் தெளிந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம்.

காரத் தண்ணீர் பற்றிச் சுருக்கமாக. காரத்தன்மையை ஏற்றித் தருவதாகச் சொல்லும் இயந்திரங்கள் பெருந்தொகைக்கு விற்கின்றன. இரத்தத்தின் பி.எச். 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்பதை நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. குடிக்கும் நீர் அதை மாற்றாது. மேலும், வெறும் வயிற்றின் கடும் அமிலம் கிருமிகளுக்கு எதிரான அரண். இந்த ஒரு விஷயத்தில் விரதம் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. அமெரிக்காவில் 1970களில் தன்னார்வலர்களிடம் நடந்த காலரா ஆய்வுகளில், சோடா உப்பைக் கொடுத்து வயிற்று அமிலத்தைத் தணித்தபோது நோய் உண்டாக்கத் தேவைப்பட்ட கிருமிகளின் எண்ணிக்கை பல மடங்கு குறைந்தது. எனவே வயிறு எரிகிறது என்று விரத நாளில் சமையல் சோடாவைக் கரைத்துக் குடிப்பது அந்த அரணை நாமே இடிப்பது. செப்புச் சொம்பில் இரவு வைத்த நீர் கிருமிகளைக் கொல்லும் என்பது ஆய்வில் நிற்கும் உண்மை. பெருமாள் கோயில் துளசித் தீர்த்தத்துக்கு அந்தப் பாத்திரம் பொருத்தமானதே. ஆனால் அதில் எலுமிச்சை பிழியக் கூடாது. புளிப்பு செம்பைக் கரைக்கும். வெறும் வயிற்றில் அது குமட்டும்.

இளநீரை மட்டும் குடித்துச் சட்டி இருப்பவர்கள் உண்டு. நல்ல பானம்தான், ஆனால் அதில் நிறைந்திருப்பது பொட்டாசியம். விரதத்தில் அதிகம் வெளியேறும் சோடியம் அதில் கொஞ்சமே. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் சில வகை இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கும் பொட்டாசியம் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். மாறாக, ரமலான் மாலையில் பள்ளிவாசல்களில் ஊற்றும் நோன்புக் கஞ்சியைப் பாருங்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், உப்பு, நிறைய நீர். மாவுச்சத்து உடைந்து வரும் குளுக்கோஸ், குடல் சுவரில் சோடியத்தைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போகிறது. நீர் அதன் பின்னால் போகிறது. 1971இல் வங்க அகதி முகாமில் திலீப் மகலானபிஸ் உப்புச் சர்க்கரைக் கரைசலால் காலரா நோயாளிகளைக் காப்பாற்றியது இதே வழியில்தான். சித்திரை வெயிலில் பகல் முழுவதும் நீரின்றி இருந்த உடம்புக்குக் குளிர்ந்த வெறும் தண்ணீரை மட்டும் சொம்பு சொம்பாக ஊற்றுவதைவிட அந்தக் கஞ்சி மேலானது.

"உப்புச் சேர்த்தால் விரதம் முறிந்துவிடாதா?" என்பது கடைசியாக வரும் கேள்வி, மதித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. உப்பில்லா விரதம் என்றே நேர்ந்துகொள்பவர்கள் அதைக் காப்பாற்றட்டும். ஒரு நாள் மட்டும் என்றால் நலமுள்ள உடம்பு உப்பில்லாமல் தாங்கும். வெயிலில் அலையாமல், தண்ணீரை அளவோடு குடித்து இருக்க வேண்டும். ஒரு நாளுக்கு மேல் நீளும் விரதத்தில், நேர்த்தி தடுக்கவில்லை என்றால், லிட்டருக்கு ஒரு கிராம் உப்புப் போதும். கால் தேக்கரண்டிக்கும் குறைவு, நாக்கில் கரிக்காது. இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாமாக உப்பைக் கூட்டக் கூடாது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் விரதமே தொடங்கக் கூடாது.

ஆகவே என் தீர்ப்பு இது. முதல் இடம், குழாயில் வரும் காவிரித் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றியது. கொதித்த பாத்திரத்தின் ஓரத்தில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு. அதற்குப் பயப்பட வேண்டாம். பள்ளிபாளையம், குமாரபாளையத்துச் சாயக் கழிவு ஆற்றில் கலக்கும் இடங்களுக்குக் கீழே எடுக்கும் நீரில் நிறமோ வாடையோ தெரிந்தால் அதை விட்டுவிடுங்கள். இரண்டாம் இடம், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் அச்சிட்ட, வெயிலில் கிடக்காத கேன் தண்ணீர். போர் தண்ணீர், சோதித்துப் பார்த்த பிறகே. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் போகாது. நீர் ஆவியாவதால் சற்றுச் செறிவுதான் கூடும். சோதனை பெரிய வேலையல்ல. மோட்டார் போட்டுச் சில நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடியுங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம்; ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அதைக் கொடுத்து, டி.டி.எஸ். மட்டுமல்லாமல் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஐப்பசிச் சட்டி தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.